தாழ்ந்த தோள்

"முகத்தைக் கட்டில் ஓட்டையில வைங்க சார். தோளைத் தளர விடுங்க" என்றார் ஜமீல்.

புத்தூரில் அவருடைய பிசியோதெரபி அறை. சௌரிராஜன் குப்புறப் படுத்தார். முப்பது வருஷம் ஆபீஸில் குனிந்து வேலை பார்த்த கழுத்து. இப்போது நிமிரவே மாட்டேன் என்கிறது. ஸ்ரீரங்கத்து வீதியில் யார் குசலம் விசாரித்தாலும் அவர்கள் செருப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் அவருக்கு அப்படி ஒரு வெட்கம்.

"உங்க கையில என்னமோ இருக்கு பாய். போன வாரம் புறப்பாட்டுல பெருமாள் திருமுகத்தை சேவிச்சுட்டேன். எத்தனை மாசத்துக்கு அப்புறம்!"

பிடரியில் ஓடிய கட்டைவிரல் நின்றது. "அவ்வளவு நிமிர்ந்திருக்காதே சார். இன்னும் இறுகித்தான் கிடக்கு."

"சேவிச்சேங்கறேன்! அதையும் நிம்மதியா அனுபவிக்க விட்டானா? பல்லக்குத் தூக்கறவன் ஒருத்தன், சரியா என் எதிர்ல வந்து தோளைச் சரிச்சுட்டான். பெருமாளே விழுந்துடுவார் போல ஆயிடுத்து. 'குடிச்சுட்டு வந்தியாடா'ன்னு வீதியிலயே கேட்டுட்டேன்."

"குடிச்சிருந்தாரா?"

"நீங்க கழுத்தைக் கவனியுங்கோ பாய்" என்றார் சௌரிராஜன். அன்று அவனிடம் கற்பூர வாசனைதான் வந்தது. அப்போதே தெரியும். நாலு பேர் எதிரில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

வாசல் கதவு திறந்தது.

"வாங்க சாமி, இந்தப் பக்கம் உட்காருங்க." ஜமீல் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் திரையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

"ரொம்ப வலிக்கறது பாய்."

அதே குரல். அன்று வீதியில், "அபசாரம் ஸ்வாமி, க்ஷமிக்கணும்" என்று சொன்ன பல்லக்குத் தூக்கி ஜனார்தனின் குரல். சௌரிராஜன் முகத்தை ஓட்டைக்குள் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"தோள் தசை கிழிஞ்ச மாதிரி இருக்கு சாமி. மொத்த பாரத்தையும் ஒரே பக்கமா வாங்கியிருக்கீங்க. கால் இடறிச்சா?"

"இல்லை. நானேதான் தாழ்த்தினேன்."

"தெரிஞ்சேவா?"

"எங்க வீதியில ஒரு பெரியவர். தலை நிமிராது. புறப்பாட்டுக்கெல்லாம் வருவார், எங்க காலைப் பார்த்துண்டே கை கூப்பி நிப்பார். அன்னிக்கு எனக்குப் பொறுக்கலை. அவர் கண்ணுக்கு எட்டட்டுமேன்னு முழங்காலை மடக்கிச் சரிச்சேன்."

ஜமீலின் குரல் இறங்கியது.

"இந்த உற்சவத்துக்கு நீங்க தூக்க முடியாது சாமி. அதுக்கப்புறமும் பார்த்துத்தான் சொல்லணும்."

"எனக்கு வேற கைங்கர்யம் தெரியாதே, பாய்."

"உங்களுக்கு இப்படி ஆனது அவருக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். பாவம், சங்கடப்படுவார்."

"உங்களைத் திட்டினாராமே?"

"அது கிடக்கட்டும். முன்னாடி நின்னு தூக்கறவனுக்குப் பெருமாள் எப்பவும் முதுகுக்குப் பின்னாலதான். நான் சேவிச்சதே இல்லை. அன்னிக்குத் திட்டறதுக்கு முன்னாடி அவர் கண்ணு ரொம்பித்து பாருங்கோ, அதுலதான் சேவிச்சேன்."