பதினேழாம் எல்லைக்கல்

காப்புக்காட்டின் பதினேழாம் எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன், காட்டுக்குள் இருக்கும் ஓடைக்கரை மருதமரத்திலிருந்து கல்வரைக்கும் தப்படி போட்டு அளப்பது வனக்காவலர் மாசாணத்தின் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த வருடம் சரியாக இருநூறு தப்படி. போன தை மாதம் இருநூற்றொன்பது. இன்று இருநூற்றுப் பதினாலு. கல் காட்டைவிட்டு வெளியேறி, பக்கத்துத் தோட்டக்காரர் நாச்சிமுத்துவின் தென்னந்தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. காட்டுக்குள் வந்திருந்தால் ஆக்கிரமிப்பு என்று எழுதி வழக்குப் போட்டிருப்பார். சொந்த நிலத்தைக் காட்டுக்கு விட்டுக்கொடுக்கிறவன் எதற்கும் துணிந்தவன். நாளைக்கே, கல் இடம்மாறிக் கிடக்கிறது என்று கோர்ட்டுக்குப் போய் மொத்த எல்லையையும் இல்லையென்று ஆக்கிவிடுவான்.

"நாச்சிமுத்து, கல்லை எதுக்கப்பா நவுத்தறே?"

"நானெதுக்குங்க நவுத்தறேன்? அடியில கரையான் புத்தே கட்டியிருக்குது, பாருங்க." நாச்சிமுத்து, மாசாணம் ஊன்றியிருந்த கைத்தடியைப் பார்த்தார். "முட்டி வலி இப்ப எப்படீங்க இருக்குது?"

பேச்சை மாற்றுகிறான் என்று மாசாணம் மனதில் குறித்துக்கொண்டார். கல்லிலிருந்து மரத்துக்கு, வலது காலை இழுத்து இழுத்து, திரும்பவும் எண்ணிக்கொண்டு போனார். இருநூற்றுப் பத்தொன்பது. முதுகைத் திருப்பின நேரத்துக்குள் ஐந்து தப்படி. சட்டென்று திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கையை முன்னால காட்டப்பா," என்றார் மாசாணம்.