மே மாதம் முழுக்க ஃபுல்

"ஒரு இடத்துல நான் தேதியை பிளாக் பண்ணா, மூணு சைட்லயும் பிளாக் ஆகணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன், ஆரோன்."

பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்த மாடி போர்ஷனை சாலமோன் மூன்று புக்கிங் சைட்டுகளில் நாள் வாடகைக்கு விட்டிருந்தார். மூன்றுக்கும் தனித்தனி காலண்டர். அவற்றை ஒரே சாஃப்ட்வேரில் இணைக்கத்தான் குரோம்பேட்டையிலிருந்து ஆரோன் லேப்டாப்போடு வந்திருந்தான்.

"ஏன் சார், ஒரே தேதிக்கு ரெண்டு பேர் புக் பண்ணிட்டாங்களா?"

"அது நடந்தா சந்தோஷம்தான்பா. என் பிரச்சினையே மச்சான்!" சாலமோன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வைஃபோட அண்ணன், தனசிங். மே பொறந்தா போதும், நாசரேத்துலேர்ந்து குடும்பத்தோட அஞ்சு பேரா வந்து மாடியில இறங்கிடுவார். முழுசா ஒரு மாசம். அதுவும் சீசன்ல. ஓசி!"

"மாடியில ஆள் இருக்குன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"போன வருஷம் சொன்னேனே! ஒரு சைட்ல பிளாக் பண்ணிட்டு, 'பாருங்க, ஃபுல்லு'ன்னு காட்டுனேன். அவர் பொண்ணு இன்னொரு சைட்டைத் திறந்து, 'மாமா, இதுல காலியா இருக்கே'ன்னுட்டா. மானம் கப்பலேறிடுச்சு."

பேர்தான் சாலமோன். ஞானமெல்லாம் பைபிளோடு நின்றுவிட்டது.

ஆரோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினான். இரண்டு சைட்டுகள் சமர்த்தாக இணைந்தன. மூன்றாவது சைட் மட்டும் 'பாஸ்வேர்டு தப்பு, பாஸ்வேர்டு தப்பு' என்று முரண்டு பிடித்தது.

"சீக்கிரம்பா! மச்சான் இன்னிக்கு டிக்கெட் போட்டுருவார்."

"ஆயிடுச்சு சார். ஆனா மே முழுக்க பிளாக் பண்ணா, நிஜமா வர்ற கெஸ்ட்டும் போயிடுவாங்களே?"

"போனா போகட்டும். இந்த ஒரு வருஷம் தடுத்துட்டா, அடுத்த வருஷம் பழக்கம் விட்டுப்போயிடும்."

சாலமோன் தானே பட்டனை அமுக்கினார். மூன்று சைட்டிலும் மே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை சிவப்பாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஆரோனுக்கு இரண்டாவது காபியும் மிக்சரும் கிடைத்தன.

கால் மணி நேரம் கழித்து மனைவி ஜெயசீலி போனும் கையுமாக ஹாலுக்கு வந்தாள்.

"ஏங்க, மே மாசம் மாடி ஃபுல்லா?"

"அதை ஏன் கேக்கறே! யாரோ கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துட்டான்." சாலமோன் முகத்தைத் தொங்கப்போட்டார். "மச்சான் வர முடியாதேன்னுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நான் என்ன பண்ண? மூணு சைட்டையும் நீயே பாரு."

"பாக்க வேணாம். அண்ணன் இப்பத்தான் பாத்துட்டு போன் பண்ணார்."

"அவர் எதுக்கு சைட்ல பாக்கறார்?"

"வருஷா வருஷம் ஓசியில தங்கறது அவருக்கே கூச்சமா இருக்காம். இந்தத் தடவை மாசம் முழுக்கக் காசு கட்டி புக் பண்ணிரலாம்னு உக்காந்தாராம். பாவம், எதுலயும் இடம் இல்ல. அதுக்கென்னண்ணே, கீழ எங்க ரூமை நீங்க எடுத்துக்கோங்க, நாங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்கறோம்னு சொல்லிட்டேன்."