சுவரில் ஒரு கை

ரோலரை நீலப் பெயிண்ட் வாளியில் தோய்த்துத் தூக்கியபோதுதான் அந்தம்மா வந்து சுவரை மறித்து நின்றாள்.

தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு. காலில் செருப்பு இல்லை. கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது.

"மிஸ், இந்த ஒரு கைய மட்டும் விட்ருங்க."

மிஸ் என்றால் டீச்சர் இல்லை. சென்னையில் காலேஜ் படிக்கிற பெண். கடல் தாண்டித் தொண்டு செய்ய வந்தவள். இலங்கை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொடுக்க வந்த கூட்டத்துக்கு அவள்தான் லீடர்.

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். கூரையில் யாரும் ஏறுவதில்லை. கூரை போட்டோவில் விழாது.

ரோட்டைப் பார்த்த சுவர் ஒன்று உண்டு. வருஷா வருஷம் வருகிற கூட்டம் அதைத்தான் அடிக்கும். போன கூட்டம் பிள்ளைகளின் கையைச் சாயத்தில் முக்கிச் சுவர் நெடுக ஒற்றிவிட்டுப் போயிருந்தது. இந்தக் கூட்டத்துக்கு உலகப் படம்.

அந்தம்மா காட்டிய கை சிவப்பு. சின்னது. சுண்டுவிரல் பக்கம் சாயம் இழுபட்டிருந்தது. ஒற்றும்போது பிள்ளை கூச்சத்தில் சிரித்து அசைந்திருக்கும்.

"எம்புள்ள கைங்க. தினுஷா."

"எந்த கிளாஸ்மா?"

அந்தம்மா எதிர் மலையைக் காட்டினாள். பச்சைக்கு நடுவில் செம்மண் வழிந்து கிடந்தது.

"மழைக்கு அது சரிஞ்சப்ப வீட்டோட போய்ட்டா. ஒடம்பு கெடைக்கல. போட்டோ, துணிமணி ஒண்ணும் மிஞ்சல. இதுதான் இருக்கு."

லீடர் அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதையும் சொல்லவேண்டும். அந்தம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்மா. இதை யாரும் தொட மாட்டாங்க. ப்ராமிஸ்."

அந்தம்மா அந்தக் கைமேல் தன் கையை வைத்து எடுத்தாள். தினமும் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போகும்போது வைப்பதுதான்.

பிறகு மலை ஏறிப் போனாள்.

நம்பிவிட்டாள்.

சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். வட்டத்தை விட்டுவிட்டு அடித்தார்கள். மற்ற கைகளெல்லாம் கண்டங்களுக்கும் கடல்களுக்கும் அடியில் போயின.

மத்தியானம் ஃபெலிக்ஸ் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். காலேஜ் பிள்ளைகளைக் கூட்டி வருவதும் மார்க் போடுவதும் அவர்தான். தூர நின்று பார்த்தார்.

"என்னம்மா லீடர், இந்து மகாசமுத்திரத்துல ஓட்டை?"

அவள் கதையைச் சொன்னாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பாவம்தான். ஆனா நாளைக்கு ஸ்பான்சர் வர்றார். எல்லாருக்கும் பாவம் பார்த்துக்கிட்டிருந்தா லீடர் எதுக்கு? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முடிவு உன்னோடது."

இந்த மாதிரி ஆட்கள் அப்படித்தான். கத்தியைக் கையில் கொடுப்பார்கள். வெட்டு என்று நான் சொல்லவில்லையே என்பார்கள்.

"பாரேன், சுனாமியில மாட்டுனவன் கையத் தூக்குற மாதிரியே இருக்கு," என்றான் ஏணி மேலிருந்த கிருத்திக்.

நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

ரோலரை எடுத்தாள்.

சிவப்பு ஒரே இழுப்பில் போகவில்லை. நீலத்துக்கு அடியில் ஊதாவாகத் தெரிந்தது. அடுத்த இழுப்பில் விரல்கள் போயின. உள்ளங்கை நின்றது.

அழுத்தித் தேய்த்தாள்.

சாயங்காலம் அந்தம்மா இறங்கி வந்தபோது சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. எல்லோரும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஜன்னல் வழியே பார்த்தாள்.

அந்தம்மா கூடையை இறக்கினாள். கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது.

கடலைத் தடவினாள். இடம் பிடிபடாமல் மேலும் கீழும் தடவினாள்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். குளிருது என்றாள்.

மலை ஈரத்தில் பெயிண்ட் லேசில் காயாது. காலையில் பார்த்தால் கடலுக்கு நடுவே கோழி கிளறின மாதிரிக் கீறல். உள்ளே சுண்ணாம்பு தெரிந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. தானே இன்னொரு தரம் அடித்தாள்.

ஸ்பான்சர் வந்தார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. மைக்கில் அவள் பேசினாள். முடிவெடுப்பது எவ்வளவு வலி என்று இந்த மலைதான் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்றாள். குரல் உடைந்தது. உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

போட்டோவுக்கு ஊர்க்காரர் ஒருத்தராவது வேண்டும் என்றார் சார்.

கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்தம்மாவை ரோட்டிலிருந்து அவளே போய்க் கூட்டி வந்தாள். அந்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வணக்கம் வைக்கச் சொன்னார்கள்.

வைத்தாள்.

படம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. கீழே அவள் பெயர். அந்த வருஷத்துக்குச் சிறந்த லீடர்.

அடுத்த கூட்டத்தில் போகப்போகிற பெண் ஒருத்தி படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அக்கா, இந்தம்மா நகமெல்லாம் ஏன் நீலமா இருக்கு?"

அவள் யோசிக்கவே இல்லை.

"அவங்களும் எங்களோட சேர்ந்து பெயிண்ட் அடிச்சாங்க."