மஸ்கட்டில் இருந்த பிரேக்

கிளாடிசின் சைக்கிள் கைப்பிடியிலும் ஒரு பிரேக் சும்மா இருந்தது. நிஜமான பிரேக் மஸ்கட்டில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் அவள் கணவன் ரூபஸ், தினமும் சாயங்காலம் தன் அறையில் நிற்கும் சைக்கிளில் ஏறி உட்காருவான். அவன் மிதித்தால் இங்கே அவளுக்கு ஏற்றம் லேசாகும். அவன் பிரேக் பிடித்தால் இங்கே அவள் சக்கரம் அடங்கும். ரப்பர் தோட்டத்து மேட்டில் அவனைக் கொஞ்சுவாள். கடலைப் பார்த்து விழும் முட்டம் இறக்கத்தில், அந்தப் பயந்தாங்கொள்ளியைத் திட்டித் தீர்ப்பாள்.

அன்று மேட்டில் ஒத்தாசையே இல்லை. "தூங்கிட்டியளா?" என்று பொருமிக்கொண்டே தனியாக மிதித்து ஏறினாள். இறக்கத்தில் பிரேக்கும் விழவில்லை. முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு துப்பட்டா படபடக்க, கூவிக்கொண்டே பறந்தாள்.

கீழே ரோட்டோரம் பெட்டியோடு நின்ற ஒருவன் கையை ஆட்டினான். ரூபஸ்!

"ஏட்டி, பிரேக்கப் பிடி!"

இரண்டு வருஷமாகப் பிரேக்கையே தொடாத கை எங்கே பிடிக்கும்? அவனைத் தாண்டிப் போய்க் கடற்கரை மணலில் பொத்தென்று விழுந்தாள். அலறியடித்து ஓடி வந்தவனைப் பார்த்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"பிரேக்கப் பிடிக்க வேண்டிய ஆளு, பெட்டியப் பிடிச்சிட்டுல்லா நின்னிய!"