எட்டு யூனிட்

இன்சுலின் ஊசியை எந்த இடத்தில் சதையைப் பிடித்துப் போட வேண்டும் என்று வசுமதிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் நடத்திய வாட்ஸ்அப் குழுவினர்தான். அவர்கள் இல்லையென்றால் அவளுடைய பதினொரு வயது மகன் இன்று இல்லை. அந்த நன்றியில்தான், ரோஜாப்பூப் படம் வைத்திருந்த ஒருத்தி, "அக்கா, புது டாக்டர் மருந்தை மாத்திட்டாரு, சீட்டு தொலைஞ்சுபோச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்வளவு போடுறது?" என்று கேட்டதும், மகனுக்குப் போடுகிற அளவைச் சட்டென்று எழுதிவிட்டாள். எட்டு. "போட்டுட்டேன்கா, நன்றி" என்று வந்த பிறகுதான் பிள்ளையின் வயதைக் கேட்கத் தோன்றியது.

"அஞ்சு."

"எட்டு ரொம்ப அதிகம், சக்கரை இறங்கிடும். உடனே இனிப்பு குடுங்க!" நீல டிக் விழவில்லை. அழைத்தாள், எடுக்கவில்லை. குழுவில் கெஞ்சினாள்: "இவங்க எந்த ஊரு? பேராவது தெரியுமா?"

"தெரியலையேங்க. நீங்கதானே அவங்களோட தினமும் பேசுவீங்க?"

மூன்று மாதமாக ஒருத்தி அழ, ஒருத்தி தேற்ற என்று பேசியிருக்கிறார்கள். பேரைக் கேட்டதில்லை.

எத்தனையாவதோ அழைப்பை ஒரு குழந்தை எடுத்தது. "அம்மா மாவு வாங்கப் போயிருக்காங்க."

"கண்ணு, வீட்ல சக்கரை இருக்கா? அள்ளிச் சாப்பிடு!"

"நான் சாப்பிடக் கூடாது ஆன்ட்டி. எனக்கு எட்டாம மேல் தட்டுல வச்சிருக்காங்க." குரல் குழறியது.

"ஏறி எடுத்துக்கோ தங்கம். ஸ்டூல் இருக்கா?"

தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. வசுமதி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, தன்னையறியாமல் நுனிக்காலில் நின்றாள்.