புகை இல்லாத வீடு

நர்ஸ் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜிலி நடுவிரலை நீட்டினாள்.

"ஆள்காட்டி விரலைக் குடுடி. எந்த மாப்பிள்ளை மோதிரம் போட வரான்னு மடக்கி வச்சிருக்க?"

சிரிக்க ஜிலிக்கு மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

பூலமதி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். செங்கல் அறுத்த கை. சட்டைத் துணியில் சொரசொரவென்று மாட்டியது.

மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. கூட்டிக் கொடுத்தார்கள், அதற்கும் கேட்கவில்லை.

தித்லாகட்டில் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகள் எடுக்க இன்னும் பன்னிரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் யாரும் முந்த முடியாமல் ஓடிய பெண், இப்போது குளத்துப் படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறாள். விடுதி கிடைக்காவிட்டால், அறுவடை முடிந்ததும் அம்மாவோடு செங்கல் சூளைக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. போன தடவை கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"வீட்டுல யாராவது பீடி குடிப்பாங்களா?"

"இல்லைங்கய்யா."

"விறகடுப்பா?"

"கேஸுங்க. எங்க வீட்டுல பொகையே கெடையாது." பூலமதிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அதற்குள் நர்ஸ் ஜிலி மடக்கி வைத்திருந்த ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

நகக்கண் முழுக்கக் கருஞ்சிவப்பு. நுனித்தோல் கறைபிடித்துத் தடித்திருந்தது.

அங்கே இருந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிந்ததும் பெண்கள் குளத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்து குடாக்கு தேய்ப்பார்கள். புகையிலையையும் வெல்லப்பாகையும் குழைத்த பசை. விரலால் எடுத்து ஈறில் அப்பி, மாமியார்களின் வண்டவாளத்தையெல்லாம் பேசித் தீர்த்து, துப்பிக் கொப்பளித்து எழுவார்கள். பல்லுக்கு நல்லது என்பார்கள். புகையே இல்லாதது நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்பார்கள்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"மருந்து கேக்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். இத விடாம மருந்த மட்டும் கூட்டிக்கிட்டே போக முடியாதும்மா. உண்மையச் சொல்லு. எத்தன நாளா?"

ஜிலி தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசம். ஸ்கூல்ல பொண்ணுங்க குடுத்தாங்க. அம்மாவுக்குத் தெரியாது."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"நாலு... ஏழெட்டு."

"பாத்தியாக்கா ஒன் மகளோட லட்சணத்த!" என்றாள் நர்ஸ். "முதுகுல ரெண்டு வை."

பூலமதி வைக்கவில்லை. மகளின் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். ஜிலி அடி விழும் என்று தோளைக் குறுக்கியபடியே இருந்தாள்.

டாக்டர் சீட்டில் இரண்டு வருடம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அத அடிச்சிருங்கய்யா."

பேனா நின்றது.

"ரெண்டு வருசம் இல்ல. ஆயிரம் கல்லு அறுத்தாத்தான் சூளையில அன்னைக்குச் சோறு. பல்லு மொளைக்குதுன்னு இவ ஓயாம அழுதா. ஈறுல துளி தடவுனேன். தூங்கிட்டா."

டாக்டர் எழுதியதை அடித்தார்.

"மறுநாளும் தடவுனேன். அந்தப் பருவம் முச்சூடும் தடவுனேன்."

"அப்ப இவளுக்கு என்ன வயசு?"

பூலமதி மகளின் இரண்டு காதுகளையும் மெல்லப் பொத்திக்கொண்டாள்.

"ஒம்பது மாசம்."