புள்ளக்காம்பரா

பதுளை நூலக மண்டபத்தில் மைக் கைமாறிக்கொண்டே வருகிறது. ஆளாளுக்குத் தங்கள் சின்ன வயதைச் சொல்ல வேண்டும். புடவைக்கடை ஹுமைத் நானா, வாப்பாவின் கடையில் சீலைக்கட்டுகளின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கியதைச் சொல்லிச் சிரித்துவிட்டு மைக்கைத் தயானியிடம் நீட்டுகிறார். ஜன்னலில் வழியும் மழையின் வெளிச்சம் அவளது கண்ணாடி வளையல்களில் நெளிகிறது. பக்கத்தில் இருக்கும் மகள் அவள் காலை மெல்ல மிதிக்கிறாள். "டவுன்லதான் வளந்தேன்னு சொல்லுங்கம்மா." தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயம் என்ற சொல்லைக் கேட்டாலே கூசுகிற மகள், வங்கியில் வேலை பார்ப்பவள். தயானி காலை இழுத்துக்கொள்கிறாள். "நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல, புள்ளக்காம்பராவுல வளந்தவ." கூட்டத்தை நடத்தும் ஸஜீதா நல்ல மனதோடுதான் திருத்துகிறாள்: "நர்சரிதானே?" "நர்சரி இல்லைங்க மிஸ், புள்ளக்காம்பரா. அம்மாமாரு கொழுந்தெடுக்கப் போறப்ப எங்களப் போட்டுட்டுப் போற எடம். வரிசையா சீலைத் தொட்டிலு. பால் குடுக்க மழையில ஓடி வருவாங்க, முதுகுல கூடையோட." சொல்லச் சொல்லக் குரல் ஏறுகிறது. "அம்மா தீவாளிக்கு ஒங்க கடையிலதான் சீலை எடுப்பாங்க நானா. நீங்க சீலைக்கட்டுக்கு மேல படுத்தீங்க, நாங்க அந்தச் சீலைக்குள்ள படுத்தோம்." ஹுமைத் நானா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறார். பின்வரிசையில் யாரோ கிசுகிசுக்கிறார்கள். மகளின் பார்வை தரையில். தயானி எழுந்து நின்று மைக்கை வாயருகே கொண்டுபோகிறாள். "புள்ளக்காம்பரா. பின்னால இருக்கவங்களுக்குக் கேட்டுச்சாங்க?"